அறுபத்து மூன்றாம் பக்கத்துப் புளியாணம்

பிள்ளையார் துணை

நாவற்குடா,
14.01.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய சமையல் புத்தகம் வந்து சேர்ந்தது. 'சீதேவிப்பிள்ளையின் அடுப்படி.' நல்ல தாள், நல்ல அச்சு. நீ தேங்காய் துருவுகிற படமும் இருக்கிறது. பாதியைப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது, படம் எடுத்து முடிந்ததும் வேறு யாரோ வாங்கித் துருவியிருக்கிறார்கள் என்று. கோபிக்காதே.

அம்மாவின் பெயரும் படமும் போட்ட அட்டையை அவரிடமே காட்டினேன். தன் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆருடைய முப்பத்தோராம் நாள் மனே?" என்று கேட்டார். செத்தவீட்டு நினைவு மலர் என்று நினைத்துவிட்டார். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அம்மா சாப்பிடுவதில்லை. தொண்டையில் குறையில்லை, வயிற்றில் குறையில்லை என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு வருடமாக என் கையால் ஊட்டித்தான் சாப்பிடுகிறவர், இப்போது ஒரு வாய் வாங்குவார், நாக்கால் வெளியே தள்ளுவார். "இது கறியில்ல." நான் சமைத்தேன், அடுத்த வீட்டுப் பெண் சமைத்துத் தந்தாள், கடையிலும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே சொல். கேட்பது ஒன்றுதான்: மணலை மீன் புளியாணம்.

அது எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்று உனக்குத் தெரியும். "ஆம்பிளப் புள்ள நாளைக்கு இன்னொருத்திட வீட்டுக்குப் போறவன், அவனுக்கு என்னத்துக்குக் குசினி?" என்று என்னைத் துரத்தியவர் அம்மா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, வீட்டோடு அடுப்பும் பெண்ணுக்கு. நான் இருக்கிற இந்த வீடும் உன் பெயரில் எழுதிய உறுதியில்தான் இருக்கிறது. நீ கனடாவில் இருந்தாலும் அடுப்பு உன்னுடையது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அந்தப் புளியாணம் இருக்கிறது. அது அம்மா வைத்தது போலத்தானா என்று எழுது.

தொலைபேசி எடுக்காதே. எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் இரண்டும் நடக்காது. எழுதியதைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே எழுதி அனுப்பு.

அண்ணன்,
யோகராசா

*

ஸ்காபரோ,
16.01.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அம்மா இப்படிச் சாப்பிடாமல் கிடப்பது எனக்குத் தெரியாது. போன மாதம் வீடியோவில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக் காட்டினீர்கள். நானும் கேட்கவில்லை.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் உள்ளது அம்மாவுடைய முறைதான். அப்படியே வையுங்கள். புளி மட்டும் பழம்புளியாக இருக்கட்டும். அம்மா நிச்சயம் சாப்பிடுவா. பொங்கல் எப்படிப் போனது? நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் தங்கச்சி,
மலர்

*

நாவற்குடா,
25.01.2024

தங்கச்சி மலருக்கு,

நலந்தானே? இங்கே நலம் என்று சொல்ல முடியாது.

நான் இருபத்தெட்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன். எனக்குப் பின்னால் வந்தவனை அதிபராக்கினார்கள், அது வேறு கதை. ஆனால் எழுதியபடி ஒன்றைச் செய்ய எனக்குத் தெரியும். வாவியிலிருந்து காலையில் வந்த மணலையை வாங்கினேன். உன் பக்கத்தில் உள்ளபடி எண்ணெயைச் சூடாக்கி, கடுகு வெடிக்கவிட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, புளி ஊற்றி, மீனைப் போட்டேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா மணந்து பார்த்தார். "எண்ணெயா ஊத்தின நீ? ஆருக்குச் சமைச்ச இத?" வாயைத் திறக்கவில்லை.

மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் பூனைக்குப் போனது.

அம்மாவின் புளியாணத்தில் எண்ணெய் கிடையாது. தாளிதமும் கிடையாது. அதைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கே நாக்கில் அது ஞாபகமிருக்கிறது. நீ எங்கிருந்து எழுதினாய்? நாட்டைவிட்டுப் போகும்போது உனக்குப் பத்தொன்பது வயது. சோறு குழைந்தது என்று அப்பா உன்னைத் திட்டிய வருடம் அது. அதற்குப் பிறகு நீ வந்தது இரண்டு தரம், இரண்டு தரமும் ஹோட்டலில் நின்றாய். புத்தகத்தில் எண்பது கறி இருக்கிறது. எண்பதையும் உனக்குச் சொல்லித் தந்தது யார்?

அம்மாவின் தோள் எலும்பு இரண்டும் சட்டைக்கு மேலால் தெரிகிறது. இதையும் அறிந்துகொள்.

யோகராசா

*

ஸ்காபரோ,
11.02.2024

அன்புள்ள அண்ணன்,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. சின்னவனுக்குக் காய்ச்சல், இப்போது சுகம். அம்மாவைப் பற்றித்தான் முழுநேரமும் யோசனை.

எண்ணெய் விசயத்தில் நீங்கள் சொன்னது சரி. பதிப்பித்தவர்கள் தாளிதம் இல்லாத கறியை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று சொன்னார்கள், நான் மாற்றி எழுதினேன். உண்மையான முறையைக் கீழே எழுதுகிறேன். கவனமாகச் செய்யுங்கள்.

அடுப்பை முதலில் மூட்டக்கூடாது. மண்சட்டியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளிப் பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் போட்டுக் கையால் பிசைய வேண்டும். வெங்காயம் தன் தண்ணியை விட்டுத் துவண்டு வரும்வரை பிசையணும். பிறகு புளிக்கரைசல். பிறகு இடித்த மிளகும் சீரகமும். மீன் கடைசி. எல்லாம் கூட்டிய சட்டியைக் கொஞ்சநேரம் சும்மா வைக்கணும், மீன் புளியைப் பழகட்டும். அதற்குப் பிறகுதான் நெருப்பு. கரண்டி போடக்கூடாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஆட்டணும். கொதி வாற நேரம் அவசரப்பட்டு விறகைத் தள்ளக்கூடாது. நெருப்போட கோவிச்சா நெருப்பும் கோவிக்கும்.

வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். காத்திருப்பேன்.

மலர்

*

நாவற்குடா,
15.02.2024

மலருக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

நீ எழுதியபடி வைத்தேன். கையால் பிசைந்தேன், பொறுத்திருந்தேன், சட்டியை ஆட்டினேன். அம்மாவை எழுப்பி உட்காரவைத்து ஒரு வாய் ஊட்டினேன். துப்பவில்லை. மென்றார். விழுங்கினார். இரண்டாவது வாயை எடுத்தேன். அம்மா என்னைத் தாண்டிக் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்பம் வந்திருக்காளா?"

"இல்லம்மா. நான்தான் வைச்சனான்."

"பொய் சொல்லாத மனே. அவள்ட கையில வந்தது இது. ஆனா இண்டைக்கு என்னவோ சரியில்ல அவளுக்கு. கூப்பிடு அவள."

அதோடு வாயை மூடிக்கொண்டார். பிறகு எதைக் கொடுத்தாலும் "இன்பம் வரட்டும்."

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "நெருப்போட கோவிச்சா நெருப்பும் கோவிக்கும்." அந்தச் சொல்லை நான் ஒன்பது வருடம் ஒரே குசினியில் கேட்டேன். அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அது சித்தாண்டியில் இருக்கிற என் மனைவி சொல்வது. மனைவி என்று எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வழக்குப் போட நாங்கள் இரண்டுபேரும் மெனக்கெடவில்லை.

நான் அந்த வீட்டைவிட்டு வந்து பதினொரு வருடம். அவளுடைய தங்கச்சியின் கலியாணச் சாப்பாட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பந்தியில் இருநூறு பேர். அவளுடைய தம்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "மாஸ்டர் வீட்டோட சாப்பாட்டுக்கு வந்தவர்தானே, அவருக்குப் பிறகு போடலாம்." மனைவி வீட்டில் வாழ வந்த மனிதனிடம் அதைவிடப் பெரிய பேச்சு இல்லை. அதை நான் பொறுத்திருப்பேன். ஆனால் கறிச்சட்டியோடு வந்தவள் அவள். அதைக் கேட்டுக்கொண்டே என் தட்டைத் தாண்டிப் போனாள். வெறும் சோற்றை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அவளிடம் கேட்டா நீ என் தாயின் பெயரில் புத்தகம் போட்டாய்? எத்தனை வருடமாக நடக்கிறது இது?

யோகராசா

*

ஸ்காபரோ,
17.02.2024

அண்ணன்,

நீங்கள் கோபத்தில் இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொடங்குகிறேன்.

எனக்கு அம்மா ஒன்றும் சொல்லித் தரவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லாம் அவசரமாக நடந்தது. அம்மா சொல்லிக் கொடுத்தது இன்பம் மச்சாளுக்கு. நீங்கள் கலியாணம் கட்டிச் சித்தாண்டியில் இருந்த காலத்தில் முருகன் கோயில் திருவிழாவுக்கென்று அம்மா வந்து அங்கேயே கிழமைக்கணக்கில் நிற்பாவே, ஞாபகமா? கோயிலுக்குப் போன நேரத்தைவிட மச்சாளின் குசினியில் இருந்த நேரம்தான் கூட. மகள் பக்கத்தில் இல்லாத அம்மாவுக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. நீங்கள் அந்த வீட்டைவிட்டு வந்தீர்கள், அம்மாவின் மனம் வரவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அம்மா மச்சாளோடு தொலைபேசியில் பேசுவா. பிறகு நானும் பேசத் தொடங்கினேன். எண்பது கறியும் மச்சாள் சொன்னதுதான்.

பெயரைப் போடுகிறேன் என்று நான்தான் கெஞ்சினேன். "வேணாம் மச்சாள். என்ட பேரைக் கண்டா அவர் புத்தகத்தையும் மூடிப்போட்டு எழும்பிப் போயிருவார்" என்றா.

அந்தக் கலியாணத்தைப் பற்றியும் ஒருநாள் கேட்டேன். உங்கள் தட்டைத் தாண்டிப் போனது உண்மைதானாம். உங்களுக்கென்று மீன்தலையோடு ஒரு சட்டி உள்ளே தனியாக வைத்திருந்தாவாம், அதை எடுக்கப் போனாவாம். தம்பியின் வாய்க்கு அதுதான் பதில் என்று நினைத்தாவாம். எடுத்துக்கொண்டு வந்து பார்க்க உங்கள் இடம் வெறுமையாக இருந்ததாம்.

மச்சாளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். "அவர் என்னைவிட்டுப் போன வீட்டுப் படியில நான் ஏறமாட்டன். மாமிய இஞ்ச கொண்டுவரச் சொல்லுங்க, நான் பாக்கிறன்" என்றா.

முடிவு உங்களுடையது.

மலர்

*

ஸ்காபரோ,
02.03.2024

அண்ணன்,

நலமா? இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. அம்மா எப்படி? ஒரு வரியாவது எழுதுங்கள்.

மலர்

*

நாவற்குடா,
05.03.2024

மலருக்கு,

அம்மா இருக்கிறார். இப்போது எழும்பி இருக்கவும் ஏலாது. இளநீர் மட்டும் இறங்குகிறது. சேலைன் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனேன், இரண்டு நாள் வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். "சாப்பிட வையுங்க" என்றார் டாக்டர். நானும் அதைத்தான் முயற்சிக்கிறேன் என்று சொன்னேன்.

மீன்தலைச் சட்டிக் கதையை நான் நம்பவில்லை. அப்படி ஒரு சட்டி இருந்திருந்தால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? சித்தாண்டிக்கும் நாவற்குடாவுக்கும் பஸ் ஓடுகிறது.

அம்மாவை அங்கே கொண்டுபோக முடியாது. மகளுடைய வீட்டில் கிடக்க வேண்டிய தாயை மருமகளின் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான் என்று எங்கள் குடியில் ஒருத்தரும் பேசாமல் விடமாட்டார்கள். அந்த வீட்டில் ஏதும் நடந்துவிட்டால் அம்மாவை எந்த வீட்டிலிருந்து எடுப்பது? நீ வந்து உன் வீட்டில் உன் அடுப்பை மூட்டு. அதுதான் முறை.

யோகராசா

*

ஸ்காபரோ,
06.03.2024

அண்ணன்,

உங்கள் சுகத்தையும் அம்மாவின் சுகத்தையும் பிள்ளையார் பார்க்கட்டும்.

நான் வந்தால் அம்மா முன்னால் நின்று அழுவேன். அதைத்தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வீடு என் பேரில் இருப்பதால் எனக்குச் சமைக்க வந்துவிடாது. அடுப்பு எங்கே இருக்கிறது என்று அம்மாவே சொல்லிவிட்டா, நீங்கள்தான் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.

எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று யோசிக்கிறீர்கள். எந்த வீட்டில் சாப்பிடுவா என்று யோசியுங்கள்.

மலர்

*

நாவற்குடா,
14.03.2024

மலருக்கு,

நேற்று அம்மாவை வான் வண்டி பிடித்துச் சித்தாண்டிக்குக் கொண்டுபோனேன். போகும் வழியெல்லாம் வட்டையில் நெல் வெட்டி முடிந்து வைக்கோல் கிடந்தது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்து, "வெட்டி முடிஞ்சிதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டு வேலியின் வாசலுக்குக் குறுக்கே போடுகிற கடப்பு மரத்தை யாரோ முன்னமே இழுத்து வைத்திருந்தார்கள். நான் வாசலோடு நின்றேன். வான்காரப் பொடியனும் அவளுமாக அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் நரைத்துவிட்டாள். நீ சொல்லவில்லை. என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆனால் நரைத்தது தெரிந்தது.

அம்மாவின் குரல் கேட்டது: "வாகா இன்பம், எங்க போயிருந்த நீ இவ்வளவு நாளும்?"

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. துணிப்பையையும் மருந்தையும் வேலியில் கொழுவிவிட்டு வந்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் நான் மட்டும். சந்தோசமா?

யோகராசா

*

ஸ்காபரோ,
16.03.2024

அண்ணன்,

தனியே இருக்கிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சந்தோசமில்லை. மச்சாள் இன்று விடியத் தொலைபேசி எடுத்தா. புளியாணம் வைத்தாவாம். அம்மா வாசத்துக்கே கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றாவாம். ஆனால் மச்சாள் ஊட்டப் போனால் வாயைத் திறக்கிறா இல்லையாம். கையைத் தட்டிவிடுகிறா. "மகன் எங்க? மகன் தரட்டும்" என்று கேட்கிறாவாம். இரண்டு வருடமாக நீங்கள்தானே ஊட்டினீர்கள்.

மச்சாள் உங்களுக்கு ஒரு செய்தியும் சொல்லவில்லை. "இதச் சொல்லுங்க" என்றும் சொல்லவில்லை, "சொல்லாதீங்க" என்றும் சொல்லவில்லை. சட்டியை மூடி வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னா.

மலர்

*

நாவற்குடா,
31.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் அறிய விருப்பம். உன் சின்னவனின் காய்ச்சல் திரும்பி வரவில்லையே?

நீ எழுதிய அன்றே போனேன். கடப்பைத் தாண்டிப் போனேன். மன்னித்துப் போகவில்லை, மன்னிப்புக் கேட்டும் போகவில்லை. அம்மாவுக்குச் சோறு ஊட்டப் போனேன். ஒவ்வொரு நாளும் பத்தரை பஸ்ஸில் போய் மூன்று மணி பஸ்ஸில் வருகிறேன்.

அம்மா சாப்பிடுகிறார். அவள் சமைத்து நான் ஊட்டினால் மட்டும். அவள் சமைக்காத நாளில் என் கை வேண்டாம், நான் போகாத நாளில் அவளுடைய கறி வேண்டாம். ஒருநாள் பஸ் ஓடவில்லை, அன்று முழுக்க இளநீர்தானாம். ஆகவே இரண்டு பேரும் ஒரே குசினியில் இருக்க வேண்டியிருக்கிறது. அவள் அடுப்படியில், நான் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில். பேச்சில்லை. பேசுவதெல்லாம் அம்மாவின் வழியாகத்தான்.

"மாமி, உங்கட மகனுக்குச் சொல்லுங்க, மணலையில முள்ளு கூட. படிச்ச ஆக்களுக்கு முள்ளுக் கண்ணுக்குத் தெரியாது."

"கேட்டயா மனே?"

"அம்மா, சொல்லுங்க, ரெண்டு வருசமா முள்ளுப் பாத்துத்தான் தாறன் எண்டு. ஒரு முள்ளாவது தொண்டையில நிண்டதா எண்டு கேளுங்க."

"மாமி, சோத்த இவ்வளவு பெரிசா உருட்டினா ஆர் விழுங்குவா எண்டு கேளுங்க."

"நான் என்ன தபால்காரியாடா உங்க ரெண்டு பேருக்கும்?" என்று அம்மா சத்தம் போட்டார். சத்தம் போட அவருக்குத் தெம்பு வந்திருக்கிறது, அதைக் கவனி.

ஆனால் உன்னிடம் மறைக்கக்கூடாது. இது குணமாவது இல்லை. டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சாப்பிடுகிற நாட்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். வரக்கூடுமானால் சித்திரைக்குள் வா. ஹோட்டலில் நிற்காதே.

அவளுடைய தம்பி ஒருநாள் வந்தான். என்னைக் கண்டதும் கடப்படியில் நின்றுவிட்டான். "மாஸ்டர், சுகமா?" என்றான். நான் அம்மாவின் வாயைத் துடைக்கத் திரும்பினேன். பந்தியில் அவன் சொன்னதை நான் இன்னும் விடவில்லை, விடுவதாகவும் இல்லை.

நேற்று நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். நாலு வாய் சாப்பிட்ட அம்மா ஐந்தாவது வாய்க்குக் காத்திருக்காமல் அப்படியே நித்திரையாகிவிட்டார். நித்திரைதான், பயப்படாதே. மூச்சை அப்போதே பார்த்துக்கொண்டேன். புளியாணத்தில் பிசைந்த உருண்டை என் கையில் இருந்தது. வைக்கவும் தோன்றவில்லை, எழும்பவும் தோன்றவில்லை. இவள் அடுப்பில் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அம்மா நித்திரை என்பது அவளுக்கு விளங்கியது. இனி யார் வழியாகச் சொல்வது என்று தெரியாமல் விறகை வெளியே இழுத்து வைத்தாள்.

நான் அந்த உருண்டையை என் வாயில் போட்டேன். பசிதான், வேறொன்றுமில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

"உப்புக் காணுமா?" என்று கேட்டாள். மாமியிடம் அல்ல, என்னிடம்.

"காணும்" என்றேன்.

உண்மையில் உப்புப் போதாது. அம்மாவின் பிரஷருக்காகக் குறைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்,
யோகராசா